ஓடினால் ஜில்... நின்றால் அனல்! - உங்கள் கார் ஏ.சி என்ன சொல்ல வருகிறது?

கத்திரி வெயில் கொளுத்தும் ஒரு நாள். திருச்சியிலிருந்து மதுரைக்குக் கல்யாணத்துக்குக் கிளம்புகிறது ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டில் கணவன், மனைவி. பின் சீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் நான்கு வயதுப் பேத்தி. கார் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது.

ஊரைத் தாண்டி நால்வழிச் சாலையில் ஏறும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. டோல்கேட் வரிசையில் கார் நின்றதும்தான் வினை. ஐந்து நிமிடத்தில் ஏ.சி-யிலிருந்து அனல் காற்று வீசுகிறது. குழந்தை சிணுங்கி எழுந்து உட்கார்கிறது. பாட்டி முந்தானையால் விசிறிக்கொள்கிறார். கணவனின் முகத்தில் வியர்வையைவிட எரிச்சல்தான் அதிகம். காரணம், இந்த ஏ.சி-க்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை கேஸ் நிரப்பியாகிவிட்டது. மூன்றாவது முறை ஒர்க் ஷாப்புக்குப் போனபோது, "கம்ப்ரஸர் போச்சு சார், மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்ரஸர் என்றால் காரைப் பொறுத்து இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போகும். 'கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கலாம்' என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

கார் மீண்டும் வேகமெடுக்கிறது. பின் சீட்டிலிருந்து பாட்டி மெதுவாகச் சொல்கிறார்: "ஏன்டா தம்பி, வண்டி ஓடுறப்போ நல்லா ஜில்லுனுதானே இருக்கு? நிக்கிறப்போ மட்டும்தானே புழுங்குது?"

இந்த ஒரு வரியில்தான் முழு நோயும் அடங்கியிருக்கிறது. அது ஏன் என்று புரிய, கார் ஏ.சி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூட்டை வாரிக் கொட்டும் இயந்திரம்

ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கையில் தடவும்போது ஜில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். கார் ஏ.சி-யும் இதைத்தான் செய்கிறது. ஒரே வித்தியாசம், ஆவியாகிப் போனதைத் திரும்பப் பிடித்து, மறுபடியும் திரவமாக்கிச் சுற்றில் விடுகிறது.

முதலில் கம்ப்ரஸர். எஞ்சினின் பெல்ட்டால் சுற்றும் இது, கேஸை அழுத்திச் சூடேற்றி அனுப்புகிறது. அடுத்தது கண்டென்ஸர். காரின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலைபோன்ற பகுதி இது. இங்கே வெளிக்காற்று பட்டு, கேஸ் தன் சூட்டை இழந்து திரவமாகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சின்ன துவாரம் வழியாகப் பாயும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது. பிறகு டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகி, காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ப்ளோயர் அந்தக் காயில் வழியாகக் காற்றை ஊத, நமக்கு ஜில் காற்று. கேஸ் மறுபடியும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது.

ஆக, ஏ.சி குளிரை உற்பத்தி செய்வதில்லை. காருக்குள் இருக்கும் சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது. எனவே, அனல் காற்று வந்தால் காரணம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். சூடு உள்ளே சரியாக வாரப்படவில்லை. அல்லது வாரிய சூடு வெளியே போகவில்லை. அல்லது குளிர்ந்த காற்றில் வேறு எங்கிருந்தோ சூடு கலக்கிறது. மெக்கானிக் கையில் இருக்கும் எல்லாக் கருவிகளும் இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்கத்தான்.

கேஸ், பெட்ரோல் மாதிரி தீராது!

'கேஸ் தீர்ந்துபோச்சு, ஃபில் பண்ணிடலாம்' என்ற வாசகத்தைக் கேட்காத கார் உரிமையாளரே இருக்க மாட்டார். ஏ.சி கேஸ் எரிபொருள் இல்லை. அது செலவாவதும் இல்லை. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்கும் பொருள் அது. ரப்பர் ஹோஸ்கள், இணைப்புகள் வழியாகப் பல வருடங்களில் மிகச் சிறிதளவு கசிவது இயல்பு. ஆனால், போன மாதம் நிரப்பியது இந்த மாதம் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, பஞ்சரை ஒட்டாமல் டயருக்குக் காற்று அடிப்பதைப் போலத்தான்.

ஓட்டை எங்கெல்லாம் வரும்? சாலையில் தெறிக்கும் கற்கள் நேராகப் படும் கண்டென்ஸர், குழாய் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங், கம்ப்ரஸரின் முன்பக்க சீல், ஈரமும் தூசியும் சேர்ந்து அரித்துவிடும் கூலிங் காயில்... இவையே வழக்கமான இடங்கள். கேஸோடு சேர்ந்து ஓர் எண்ணெயும் சுற்றுகிறது. கசியும் இடத்தில் அந்த எண்ணெயும் வெளியே வந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். குழாய் இணைப்பில் பிசுபிசுப்பான கறுப்புத் திட்டு தெரிந்தால், அதுதான் முதல் சந்தேகம்.

அந்த எண்ணெய்தான் கம்ப்ரஸருக்கு உயிர். கேஸ் குறைந்தால் எண்ணெய் சரியாகத் திரும்பி வராது, கம்ப்ரஸர் தேய்ந்துபோகும். அதனால்தான் கேஸ் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், ப்ரஷர் ஸ்விட்ச் அல்லது சென்சார் கம்ப்ரஸரை ஓடவிடாமல் தடுக்கிறது. அந்த நேரத்தில் ஸ்விட்ச்சை 'டைரக்ட்' செய்து கம்ப்ரஸரை ஓட்டிப் பார்ப்பது, இருக்கும் கம்ப்ரஸரையும் கெடுக்கும் வேலை.

வாசலிலேயே செய்து பார்க்கலாம்

ஒர்க் ஷாப்புக்குப் போகும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால், பாதி விடை வீட்டு வாசலிலேயே கிடைத்துவிடும். காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். பானெட்டைத் திறக்கும்போது துப்பட்டா, புடவைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஃபேன் எந்த நொடியிலும் தானாக ஓடத் தொடங்கும்; கை விரல்கள் ஜாக்கிரதை. ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே கூடாது. அவற்றில் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது.

1. டெம்பரேச்சர் முள்: எல்லாவற்றுக்கும் முன்னால் மீட்டரில் எஞ்சின் சூட்டைப் பாருங்கள். எஞ்சின் அதிகம் சூடானால், பல கார்கள் ஏ.சி-யைத் தாமாகவே நிறுத்திவிடும். முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் அது ஏ.சி கோளாறு அல்ல, எஞ்சின் கோளாறு. உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

2. காற்று வருகிறதா? ப்ளோயரை அதிக வேகத்தில் வையுங்கள். காற்றே குறைவாக வந்தால், முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும். சில கார்களின் ஆரம்ப வேரியன்ட்களில் இது இருக்காது. தூசி அடைத்துக் கறுத்துப் போன ஃபில்டரை மாற்றினாலே சில கார்களின் ஏ.சி புத்துயிர் பெற்றுவிடும்.

3. 'க்ளிக்' சத்தம்: ஏ.சி பட்டனைப் போடும்போது ஒரு 'க்ளிக்' கேட்கும். கம்ப்ரஸரின் முன்னால் இருக்கும் காந்த க்ளட்ச் பிடிக்கும் சத்தம் அது. பெல்ட் மாட்டியிருக்கும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் நடுவில் இருக்கும் தட்டும் சேர்ந்து சுற்றினால்தான் கம்ப்ரஸர் ஓடுகிறது என்று அர்த்தம். தட்டு நின்றே இருந்தால் ஃபியூஸ், ரிலே, வயர், க்ளட்ச் காயில், கேஸ் குறைவு என்று எதுவும் காரணமாக இருக்கலாம். கம்ப்ரஸரே கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். புதிய கார்கள் சிலவற்றில் இந்த க்ளட்ச்சே கிடையாது. அவற்றுக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது.

4. ஃபேன் ஓடுகிறதா? பெரும்பாலான கார்களில் ஏ.சி போட்ட சிறிது நேரத்தில் முன்பக்க ஃபேன் ஓடத் தொடங்கும். சில கார்களில் ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டென்ஸருக்கு ஒன்று என இரண்டு ஃபேன்கள் இருக்கும். இரண்டும் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

5. குழாய் தொட்டுப் பார்த்தல்: ஏ.சி குழாய்களில் ஒன்று தடிமனாகவும், ஒன்று மெல்லியதாகவும் இருக்கும். ஏ.சி ஐந்து நிமிடம் ஓடிய பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, டேஷ்போர்டுக்குள் நுழையும் இடத்தில் தடித்த குழாயைத் தொடுங்கள். ஜில்லென்று, வியர்த்திருந்தால் கேஸ் சுற்று பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. கம்ப்ரஸரிலிருந்து கண்டென்ஸருக்குப் போகும் குழாய் கடுமையாகச் சுடும். அதைத் தொட வேண்டாம்.

6. சூடு கலக்கிறதா? தடித்த குழாய் ஜில்லென்று இருந்தும் உள்ளே அனல் வந்தால், குற்றவாளி வேறு. ஹீட்டரின் சூடும் ஏ.சி-யின் குளிரும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு சிறிய கதவு. டெம்பரேச்சர் குமிழைத் திருப்பும்போது இந்தக் கதவுதான் நகர்கிறது. இதை இழுக்கும் கேபிள் கழன்றாலோ, மோட்டார் பழுதானாலோ ஹீட்டர் காற்று கலந்து வரும். இதற்குப் போய் கேஸ் நிரப்பினால் காசுதான் போகும்.

ஒரு சின்ன தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ரீசர்குலேஷன் பட்டனைப் போட்டு, கதவுகளை மூடி, நடு வென்ட்டில் அதைச் செருகிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். வெளியே 35 - 40 டிகிரி அடிக்கும் நாளில் வென்ட்டில் 8 முதல் 14 டிகிரி வந்தால் ஏ.சி ஆரோக்கியமாக இருக்கிறது எனலாம். 20-க்கு மேல் நின்றால் கவனிக்க வேண்டும்.

எப்போது சூடாகிறது? அதுதான் துப்பு!

டாக்டரிடம் போனால், 'காய்ச்சல் எப்போ வருது? ராத்திரியா, பகல்லயா?' என்று கேட்பார். ஏ.சி-க்கும் அதே கேள்விதான்.

* ஓடும்போது ஜில், நின்றால் அனல்: சூடு வெளியே போகவில்லை. ஓடும்போது எதிர்காற்று கண்டென்ஸரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். ஃபேன் ஓடவில்லை, அல்லது கண்டென்ஸரின் இடுக்குகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கின்றன. கேஸ் குறைவாக இருந்தாலும் ஓரளவு இப்படித் தெரியலாம். எனவே, ஃபேனைப் பார்த்துவிட்டுத்தான் கேஸுக்குப் போக வேண்டும்.

* முதல் அரை மணி நேரம் ஜில், பிறகு காற்றும் குறைந்து அனல்: கூலிங் காயிலில் ஐஸ் பிடித்துக் காற்றுப்பாதை அடைபடுகிறது. ஏ.சி பட்டனை மட்டும் அணைத்து, ப்ளோயரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். ஐஸ் கரைந்து மீண்டும் குளிர்ந்தால் இதுதான் நோய். காயிலின் சூட்டை அளக்கும் சென்சார், அடைத்த ஃபில்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

* திடீர் திடீரென்று ஜில், திடீர் திடீரென்று அனல்: கேஸ் சுற்றுக்குள் ஈரம் இருந்தால், அது எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியை அடைக்கும். கரைந்ததும் வழி திறக்கும். ரிலே, வயர் இணைப்பு தளர்ந்திருந்தாலும் இப்படி நடக்கும்.

* மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் குளிர் குறைந்தது: கேஸ் கசிவின் வழக்கமான முகம்.

* நேற்று வரை ஜில், இன்று முற்றிலும் அனல்: ஃபியூஸ், ரிலே, அறுந்த பெல்ட், உடைந்த குழாய், எலி கடித்த வயர். பல நாள் நிறுத்திவைத்த காரில் கடைசிக் காரணத்தை மறக்கவே கூடாது.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். கூலிங் காயிலில் படியும் காற்றின் ஈரம்தான் அது. அந்தத் தண்ணீர் வெளியே சொட்டாமல் காருக்குள் கால் மிதியை நனைத்தால் மட்டும், வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒர்க் ஷாப்பில் இரண்டு முள்கள்

நல்ல மெக்கானிக் முதலில் எடுப்பது கேஸ் சிலிண்டரை அல்ல, ப்ரஷர் கேஜை. நீல நிற முள் கம்ப்ரஸருக்குத் திரும்பும் பக்கத்தின் அழுத்தத்தையும், சிவப்பு முள் அது அழுத்தி அனுப்பும் பக்கத்தின் அழுத்தத்தையும் காட்டும். இப்போது சாலையில் ஓடும் கார்களில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ கேஸில், வெயில் நாளில் நீலம் ஏறத்தாழ 30 - 45 பி.எஸ்.ஐ, சிவப்பு ஏறத்தாழ 200 - 275 பி.எஸ்.ஐ காட்டும். காருக்குக் கார், வெயிலுக்கு வெயில் இது மாறும். ஆனால், இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் சூட்சுமம்.

இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை, அல்லது கேஸ் அளவுக்கு மீறி நிரப்பப்பட்டிருக்கிறது, அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. நீலம் மிகக் குறைந்து பூஜ்யத்துக்கும் கீழே போனால், எக்ஸ்பான்ஷன் வால்வு பக்கம் அடைப்பு. நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் நின்றால் கம்ப்ரஸர் சரியாக அழுத்தவில்லை. 'கம்ப்ரஸர் போச்சு' என்று சொல்வதற்கு இப்படியொரு ஆதாரம் வேண்டும்.

எஞ்சின் ஓடாதபோது கேஜை மட்டும் பார்த்து, 'கேஸ் ஃபுல்லா இருக்கு' என்று சொல்வதும் தவறு. 35 டிகிரி சூட்டில் நிற்கும் காரில் இரண்டு முள்ளும் ஏறக்குறைய 115 பி.எஸ்.ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அதே 115-தான். நிறைய இருந்தாலும் அதே 115-தான். வீட்டு சமையல் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று எடைபோட்டுத்தானே தெரிந்துகொள்கிறோம்? ஏ.சி கேஸுக்கும் தராசுதான் சாட்சி. சின்ன கார்களில் பெரும்பாலும் அரை கிலோவுக்கும் குறைவான கேஸ்தான் பிடிக்கும். எத்தனை கிராம், எந்தக் கேஸ் என்பது பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். ஐம்பது, நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெடும்.

எனவே, கேஸ் நிரப்பச் சொன்னால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். 'கசிவு எங்கேன்னு பார்த்தாச்சா? பழைய கேஸை மெஷின்ல இறக்குறீங்களா? எவ்வளவு நேரம் வேக்கம் போடுவீங்க? எத்தனை கிராம் ஏத்துறீங்க?' கசிவைக் கண்டுபிடிக்க நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். அல்லது புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் பார்ப்பார்கள். குழாயைத் திறந்து வேலை பார்த்தால், அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் உங்கள் உரிமை. இப்படிக் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்; உற்சாகமாகிவிடுவார்.

வீட்டில் செய்யக் கூடாதவை

ஆன்லைனில் கிடைக்கும் கேன் வாங்கி நாமே கேஸ் ஏற்றுவது ஆபத்து. ஆர்-134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். கையிலோ கண்ணிலோ பீய்ச்சியடித்தால் அந்த இடம் உறைந்து புண்ணாகிவிடும். மலிவாகக் கிடைக்கிறது என்று சமையல் கேஸ் வகைகளை ஏற்றுவது காருக்குள் தீயை வைத்துக்கொள்வதற்குச் சமம். புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் கேஸையும் பழைய ஆர்-134ஏ-வையும் ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. கண்டென்ஸரைக் கழுவும்போது ஹை ப்ரஷர் வாட்டர் வாஷ் வேண்டாம். அதன் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்றுப்பாதை மேலும் அடைபடும்.

ஒரு கேஸின் கதை

காரில் ஏ.சி வந்த கதையே சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1940 மாடல் கார்களில் ஏ.சி-யைக் கொடுத்தபோது, கூலிங் காயில் டிக்கியில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்ப்ரஸரை நிறுத்த க்ளட்ச்சும் கிடையாது. குளிர் போதும் என்றால், எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இன்று நாம் அலட்சியமாகத் தட்டும் ஏ.சி பட்டனுக்குப் பின்னால் இத்தனை வருட உழைப்பு இருக்கிறது.

பிறகு பல ஆண்டுகள் கார்களில் ஓடியது ஆர்-12 என்ற கேஸ். அது காற்றில் கலந்தால் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று தெரியவந்ததும், 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால், பூமியைச் சூடாக்கும். அதன் ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூட்டைப் பிடித்துவைக்கும். அதனால்தான் 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் கூடிய நாடுகள், இந்த வகைக் கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பர்ஸோடு சேர்த்து, நம் தலைக்கு மேலே இருக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் வலு சேர்க்கிறோம்.

ஒரு குவளைத் தண்ணீர்

இனி அந்தக் குடும்பத்துக்கு வருவோம். மேலூர் அருகே சாலையோர ஒர்க் ஷாப் ஒன்றில் கார் நிற்கிறது. "அண்ணே, கம்ப்ரஸர் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. மதுரை வரைக்கும் தாங்குமா பாருங்க" என்கிறார் கணவன்.

"கம்ப்ரஸர் போச்சுன்னா ஓடுறப்போ எப்படி சார் ஜில்லுனு வரும்?" என்று திருப்பிக் கேட்கிறார் மெக்கானிக். ஏ.சி-யைப் போடச் சொல்லி, பானெட்டைத் திறக்கிறார். இரண்டு ஃபேன்களில் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது. அதனால்தான் எஞ்சின் சூடாகவில்லை. கண்டென்ஸர் ஃபேன் அசையாமல் நிற்கிறது. ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து, முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டென்ஸர் மீது ஊற்றுகிறார். "இப்போ வென்ட்ல கை வெச்சுப் பாருங்க." அனல் குறைந்து, காற்று குளிர ஆரம்பிக்கிறது. ஃபேன் செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீர் செய்துவிட்டது.

ஃபேன் வயரைப் பின்தொடர்ந்தால், பாதி வழியில் எலி கடித்த இடம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, வேப்பமரத்தடியில் கார் மூன்று வாரம் நின்றிருந்தது மனைவிக்கு ஞாபகம் வருகிறது.

அப்படியானால் கேஸ் நிரப்பியதும் குளிர்ந்ததே? முதல் முறை கேஸ் நிரப்பி வண்டியை எடுத்தது வெயில் தாழ்ந்த மாலையில். நிற்காமல் வீடு வரை ஓட்டியபோது எதிர்காற்றில் ஏ.சி குளிர்ந்தது. இரண்டாவது முறை, இருந்த கேஸை இறக்காமல், எடையும் பார்க்காமல் மேலே ஏற்றினார்கள். ஃபேன் இல்லாத கண்டென்ஸரில் கூடுதல் கேஸும் சேர, நின்றவுடன் அழுத்தம் எகிறியது. ப்ரஷர் சென்சார் கம்ப்ரஸரை அணைத்து அணைத்துப் போட்டது. 'கட் ஆகிக் கட் ஆகி ஓடுது, கம்ப்ரஸர் போச்சு' என்ற தீர்ப்பு அப்படி வந்ததுதான். கம்ப்ரஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நின்று நின்று ஓடியது!

வயரை ஒட்டி, டேப் சுற்றி, ஃபேனை ஓடவிட்டாகிவிட்டது. "மதுரையில மெஷின் இருக்கிற இடத்துல கேஸை முழுசா இறக்கி, ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராம் கணக்குக்கு ஏத்திக்குங்க சார். அதோட சரியாப்போகும்" என்று சொல்லி அனுப்புகிறார் மெக்கானிக். முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கவிருந்த கம்ப்ரஸரின் வேலையை, ஒரு முழம் வயர் முடித்துவிட்டது.

பின் சீட்டை மறக்காதீர்கள்

வழியில் ஏ.சி நின்றுபோனால், வயதானவர்களையும் குழந்தைகளையும் முதலில் கவனியுங்கள். அவர்கள் உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறைவு. ஜன்னல்களை இறக்கி ஓட்டுங்கள். அடிக்கடி நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். தலைசுற்றல், குழப்பமான பேச்சு, அனலாகக் கொதிக்கும் உடல் ஆகியவை தெரிந்தால், உடலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள். 'ஒரு நிமிஷம்தானே' என்று குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் முதல் அரை மணி நேரத்திலேயே சூடு பயங்கரமாக ஏறிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதால் பெரிய பலன் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி-யில் தூங்குவதும் உயிருக்கு ஆபத்து. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது, முதல் இரண்டு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு மூடி ரீசர்குலேஷனைப் போடுங்கள். ஏ.சி-க்குப் பாதி வேலை மிச்சமாகும்.

அடுத்த முறை ஏ.சி மக்கர் செய்தால், ஒர்க் ஷாப்பில் 'கூலிங் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது இல்லை, எவ்வளவு நேரம் கழித்து இல்லை, ஓடும்போதா, நிற்கும்போதா என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பின் சீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். அந்தப் பாட்டிக்கு கம்ப்ரஸர் எது, கண்டென்ஸர் எது என்று தெரியாது. ஆனால், எப்போது புழுங்கியது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது.